பம்பிங் சரி, மேலறை எப்படி?

இதயத்துக்கு எக்கோ ஸ்கேன் எடுத்துக்கொண்டு வருகிறவரிடம் புதுச்சேரியின் பாகூரிலும் வில்லியனூரிலும் முதலில் கேட்பது ஒன்றுதான்: “பம்பிங் எவ்வளவு?” அறுபது சதவீதம் என்றால் வீடே நிம்மதியாகிவிடும். நாடி தாறுமாறாகத் துடிக்கிறவருக்கு அந்த எண் போதாது. பம்பிங் நன்றாக இருக்கும்போதே பக்கவாதம் வரலாம்.

பம்பிங் என்பது இதயத்தின் கீழறை ரத்தத்தைத் தள்ளும் கணக்கு. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற துடிப்புக் கோளாறில் கெடுவது மேலறை. அது ஒழுங்காகச் சுருங்காமல் வெறுமனே நடுங்கும். இடது மேலறையின் ஓரத்தில் சிறு விரல்போல ஒரு பை உண்டு. மதகு மூடிய வாய்க்காலின் கடைமுனைத் தண்ணீர்போல ரத்தம் அதில் தேங்கும், தேங்கினால் உறையும். வால்வுக் கோளாறு இல்லாதவர்களின் இடது மேலறையில் காணும் ரத்தக்கட்டிகளில் 10க்கு 9 இந்தப் பையில்தான். கட்டி பெயர்ந்து மூளைக்குப் போனால் பக்கவாதம்.

வயது, சர்க்கரை, ரத்த அழுத்தம் ஆகியவற்றை வைத்து மருத்துவர்கள் ஆபத்துக்கு மதிப்பெண் போடுகிறார்கள். எக்கோவோ ரத்தம் தேங்கும் இடத்தையே காட்டுகிறது. இடது மேலறையின் கொள்ளளவு, உடல் பரப்பில் ஒரு சதுர மீட்டருக்கு 34 மில்லிலிட்டர் வரை இயல்பு. அதற்கு மேல் போனால் அறை விரிந்திருக்கிறது. இன்னும் கிட்டத்தில் பார்க்க, உணவுக்குழாய்க்குள் எக்கோ முனை பொருத்திய மெல்லிய குழாயை இறக்குவார்கள். இடது மேலறை உணவுக்குழாயை ஒட்டினாற்போல் முன்னால் இருக்கிறது. பையிலிருந்து ரத்தம் வெளியேறும் வேகம் வினாடிக்கு 20 சென்டிமீட்டருக்குக் கீழே இறங்கினால் கட்டி சேரும் வாய்ப்பு கூடுகிறது. சிலருக்குக் கட்டி தெரியாது. திரையில் சாம்பல் நிறப் புகை மெல்லச் சுழலும். ரத்தம் தேங்கி, சிவப்பணுக்கள் ஒன்றோடொன்று சேர்வதன் அடையாளம் அது.

நம் நாட்டில் இன்னொரு கதையும் உண்டு. சிறுவயதில் தொண்டைப்புண்ணைத் தொடர்ந்து வரும் ருமாட்டிக் காய்ச்சல், இடது மேலறைக்கும் கீழறைக்கும் இடையிலுள்ள மைட்ரல் வால்வைப் பல வருடம் கழித்துச் சுருக்கிவிடும். 1953இல் சுவீடனில் மருத்துவர் எட்லரும் இயற்பியலாளர் ஹெர்ட்ஸும், உலோகத்தில் விரிசல் தேடும் ஒலிக்கருவியை இரவல் வாங்கி முதல் எக்கோவைப் பதிந்தார்கள். எட்லருக்குத் தெரிய வேண்டியிருந்தது இந்த வால்வின் நிலைதான். இயல்பில் 4 முதல் 6 சதுர சென்டிமீட்டர் இருக்கும் திறப்பு 1.5க்குள் சுருங்கி, துடிப்பும் கெட்டிருந்தால், மதிப்பெண் பார்க்க வேண்டியதே இல்லை. ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை அவசியம். புதிய மாத்திரையான ரிவராக்ஸபானைவிடப் பழைய வார்ஃபரின் வகையே இவர்களில் அதிக உயிர்களைக் காத்தது என்று 24 நாடுகளில் நடந்த இன்விக்டஸ் ஆய்வு 2022இல் காட்டியது. வார்ஃபரின் எடுப்பவர்களுக்கு, ரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். பரிசோதனையில் அளவு 2க்கும் 3க்கும் இடையில் நிற்க வேண்டும்.

பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலோ ஜிப்மர் மருத்துவமனையிலோ, எங்கே காட்டினாலும் நாடியைப் பிடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். சீராக இல்லை என்றால் ஈ.சி.ஜி. எடுங்கள். எக்கோ ரிப்போர்ட் வந்ததும் பம்பிங்கோடு நின்றுவிடாமல், “இடது மேலறை விரிந்திருக்கிறதா, வால்வு சுருங்கியிருக்கிறதா?” என்று கேளுங்கள். மாத்திரையை மட்டும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.