ஸ்ரீரியோ வானொலிப் பெட்டியின் நோயும் நோய்முதலும்

1970 ஆம் ஆண்டுகளிற் செய்யப்பட்ட ஸ்ரீரியோ வானொலிப் பெட்டிகளிலே ஒரு பக்கத்தொலி திடீரென மறைந்து, பின்னர் தானே மீளுதல் உண்டு. திரான்சிற்றர் பழுதெனத் துணிந்து அதனை மாற்றுவோர் பலர். ஆயினும், வந்து வந்து மறையுங் குறைக்குப் பெரும்பாலும் மின்தொடுகையே காரணமாகும்.

முதற்கண், குறை நிற்கும் இடத்தை அறிதல் வேண்டும். பெட்டியை நிறுத்தி, அதன் பின்புறத்திலே இரு ஒலிபெருக்கிக் கம்பிகளையும் இடம் வலமாக மாற்றுக. முன்னைய ஒலிபெருக்கியே மீண்டும் மௌனமாயின், குறை அதனிடத்தோ அதன் கம்பியிடத்தோ உள்ளது. மற்றையது மௌனமாயின், குறை ஒலிபெருக்கியிடத்ததன்று. இசைத்தட்டிலும் வானொலியிலும் அக்குறை ஒருங்கே தோன்றுமாயின் அது பெட்டியினுள்ளதே.

ஒலியை உயர்த்தியதும் மறைந்த பக்கம் மீளுமாயின், ஆளிகளின் அல்லது றிலேயின் தொடுமுனைகளை ஐயுறுக. வெள்ளி முலாமிட்ட முனைகள் காற்றிலுள்ள கந்தகச் சேர்வைகளாற் கறுக்கும். அம்மென்படலத்தைச் சிறிய மின்னழுத்தம் கடவாது, பெரியது கடக்கும். தொடுமுனைகளைத் துப்புரவாக்குந் திரவத்தையிட்டு ஆளிகளைப் பன்முறை இயக்கின் ஒலி சீராதல் கூடும். பெட்டி சூடேறிய பின்னரே குறை தோன்றின், பற்றாசு வெடித்த இடத்தைத் தேடுக.

மின்னிணைப்பை நீக்கிய பின்னும் பெரிய ஒடுக்கிகளில் மின்னேற்றம் தங்கும். அது நீங்குமுன் உள்ளே கைவைத்தலாகாது. காரணங் காணாது உறுப்பை மாற்றுவோன் நல்லுறுப்பை இழப்பான். குறையோ எஞ்சி நிற்கும்.