வாக்காளர் இல்லாத நாற்காலி

லண்டன் லிங்கன்ஸ் இன்னில் 1863இல் பாரிஸ்டரானார் முத்துக்குமாரசுவாமி. கிறிஸ்தவரோ யூதரோ அல்லாத ஒருவருக்கு இங்கிலாந்து வழக்கறிஞர் அவையில் இடம் கிடைத்தது அதுவே முதல் முறை. அதே ஆண்டில் அரிச்சந்திரன் கதையை ஆங்கில நாடகமாக வெளியிட்டார். 1874இல் பாலியிலிருந்து சுத்த நிபாதத்தையும் ஆங்கிலத்தில் கொண்டுவந்தார். யாழ்ப்பாணத்துச் சைவக் குடும்பத்துப் பிள்ளை, பௌத்த நூலொன்றை மேலை நாட்டார் கையில் கொடுத்தது சாதாரணக் காரியமல்ல. அவருக்குச் சர் பட்டம் கிடைத்ததும் அந்த ஆண்டில்தான்.

இத்தனை தகுதியும் உள்ள மனிதர் இலங்கைச் சட்டநிரூபண சபைக்குப் போனது எப்படி? கவர்னர் நியமித்தார், போனார். உத்தியோகத்தர் அல்லாத உறுப்பினருக்கு இருந்தவை ஆறே இடங்கள்: ஐரோப்பியருக்கு மூன்று, சிங்களவருக்கும் பறங்கியருக்கும் தமிழருக்கும் ஆளுக்கொன்று. தமிழருக்கென இருந்த அந்த ஒரே நாற்காலியில் முதலில் அமர்ந்தவர் அவருடைய தந்தை, கேட் முதலியார் குமாரசுவாமி. இடையில் வேறு சிலர் இருந்தார்கள். பிறகு மகன். 1879 மே மாதம், முன்பே இங்கிலாந்து சென்றிருந்த மனைவியையும் இரண்டு வயது நிறையாத மகன் ஆனந்தனையும் சேர்வதற்காகக் கப்பலேற இருந்த நாளில், முத்துக்குமாரசுவாமி கொழும்பில் இறந்தார். அதே ஆண்டில் நாற்காலி அக்காள் மகன் பொன்னம்பலம் இராமநாதனுக்குப் போனது. 1893இல் இராமநாதனின் அண்ணனுக்கு.

தாத்தா, மகன், பேரன்மார் இருவர். எல்லோரும் படித்தவர்கள், வாதத்திறன் மிக்கவர்கள். ஆங்கிலம் தெரிந்த, செல்வாக்குள்ள குடும்பம் பேசியதால்தான் கவர்னர் காதுகொடுத்தார் என்று சொல்பவர்களும் உண்டு. ஆனால் வல்வெட்டித்துறைக் கடலோடியும் வன்னி விவசாயியும் மலையகக் கூலியும் இந்த நால்வரில் எவரிடமும் கணக்குக் கேட்டிருக்க முடியாது. உறுப்பினர் நன்றாகப் பேசினால் அது அவர்களுடைய பாக்கியம். பேசாமல் விட்டால் மாற்றுவதற்கு வழியே கிடையாது.

இலங்கையருக்கு முதல் தேர்தல் வந்தது 1911இல். அதுவும் படித்தவர்களுக்கு ஒதுக்கிய ஒரே ஓர் இடத்துக்கு. வாக்காளர் மூவாயிரம் அளவிலேயே. வென்றவர் இராமநாதன். எல்லோருக்கும் வாக்குரிமை வர 1931 ஆகிவிட்டது.

வாக்குச்சீட்டு கைக்கு வந்த பிறகும் கவலை தீரவில்லை. கடலின் இரு கரையிலும் உறுப்பினர் ஒருவர் இறந்தால் கட்சியின் கண் முதலில் போவது அவர் வீட்டுப் பக்கம்தான். மகனா, மகளா, மனைவியா என்பது மூடிய அறைக்குள் முடிவாகிவிடுகிறது. பத்து வருடம் சுவரொட்டி ஒட்டிய தொண்டன் பெயர் அந்தப் பட்டியலில் ஏறுவதே அபூர்வம். அவனிடம் யாராவது அபிப்பிராயம் கேட்கிறார்களா?