அது அக்கறையின்மை அல்ல

சிதம்பரம் அருகே நான் பணியாற்றும் பள்ளியில் கணித ஆசிரியை ஒருவர் இருக்கிறார். முப்பத்தைந்து வயதைக் கடந்தபோது அவரிடம் மாற்றங்கள் தெரிந்தன. மதிப்பெண் பட்டியலின் கூட்டலை மீண்டும் மீண்டும் சரிபார்ப்பார். கூட்டத்தில் இருவர் ஒரே நேரத்தில் பேசினால் தடுமாறுவார். பொறுமைக்குப் பெயர்பெற்றவர், சின்னத் தவறுக்கும் எரிந்துவிழுந்தார். "டீச்சருக்கு வேலையில அக்கறை போயிடுச்சு" என்று பேசிக்கொண்டவர்களில் நானும் ஒருத்தி. பின்னர்தான் தெரிந்தது, அவருக்கு மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் எனப்படும் தண்டுவட மரப்பு நோய்.

இந்நோயில் நம் எதிர்ப்பாற்றலே மூளை, தண்டுவட நரம்புகளின் மயலின் உறையைத் தாக்குகிறது. அதனால் நரம்புச் செய்திகள் தாமதமாகின்றன, சில தடைபடுகின்றன. பெரும்பாலும் 20 முதல் 40 வயதுக்குள் தொடங்கும். பெண்களையே அதிகம் பாதிக்கும். பார்வை மங்கல், கால் தளர்ச்சி ஆகியவை வெளியே தெரியும். சிந்தனையில் ஏற்படும் தளர்ச்சி எளிதில் தெரியாது. 1868இல் பாரிஸ் மருத்துவர் ஷார்கோ இந்நோயை விளக்கியபோதே நினைவாற்றல் குன்றுவதையும் எண்ணங்கள் மெதுவாக உருவாவதையும் குறிப்பிட்டார்.

நோயாளிகளில் ஏறத்தாழ பாதிப்பேருக்குச் சிந்தனைத் திறனில் ஏதேனும் பாதிப்பு ஏற்படுகிறது. முதலில் குறைவது வேகம். புதிய செய்தியை நினைவில் வைப்பதும், இரண்டு வேலைகளை ஒருசேரச் செய்வதும் கடினமாகும். மொழியும் முன்பு கற்ற அறிவும் பெரும்பாலும் நிலைத்திருக்கும். எனவேதான் அவரால் இயற்கணிதத்தைத் தெளிவாக நடத்த முடிந்தது. சுற்றறிக்கையை நினைவில் வைக்க முடியவில்லை.

எரிச்சல், ஆர்வமின்மை, அடக்க இயலாத அழுகை அல்லது சிரிப்பு ஆகியவையும் மூளைப் பாதிப்பால் வரலாம். மனச்சோர்வும் பரவலாகக் காணப்படுவது. அதற்குச் சிகிச்சை உண்டு. உடல் சூடேறினால் அறிகுறிகள் தற்காலிகமாகக் கூடும். நம் கடலூர் மாவட்டத்துக் கத்திரி வெயிலில் இதை நினைவில் கொள்ள வேண்டும்.

நாம் என்ன செய்யலாம்? ஒரு நேரத்தில் ஒரு வேலையைச் சொல்லி, அதை எழுதியும் கொடுக்கலாம். கடினமான பாடவேளைகளைக் காலையில் ஒதுக்கலாம். காற்றோட்டமான, தரைத்தள வகுப்பறை தரலாம். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 வகைகளில் இந்நோயும் ஒன்று. பணிக்காலத்தில் மாற்றுத்திறனாளியாகும் அரசு ஊழியரைப் பணிநீக்கமோ பதவியிறக்கமோ செய்யக்கூடாது என்கிறது அச்சட்டம்.

நம் மாணவரின் தாய்க்கோ தந்தைக்கோ இந்நோய் இருக்கலாம். "அம்மாவுக்கு என்மேல் கோபம்" என்று வருந்தும் குழந்தையிடம், "அது நோய் செய்யும் வேலை; உன் தவறில்லை" என்று சொல்லுங்கள்.

இப்போது அந்த ஆசிரியையிடம் ஒன்றைக் கேட்டால் பதிலுக்குக் காத்திருக்கிறேன். சற்றுத் தாமதமானாலும் பதில் சரியாகவே வருகிறது.