மூச்சளக்கும் கருவியும் முத்திரையும்

கோயம்புத்தூர் நகரில் ஆர்.எஸ்.புரம் என்னும் பகுதி உள்ளது. நகரசபைத் தலைவராக விளங்கிய இரத்தினசபாபதி முதலியாரின் பெயரால் அமைந்த இரத்தினசபாபதிபுரமே இவ்வாறு சுருங்கி வழங்குகின்றது. அங்குள்ள உழவர் சந்தைக்கு நாள்தோறும் வைகறையில் சுற்றுப்புற ஊர்களிலிருந்து காய்கறிகள் வந்து குவியும். அவற்றை நிறுக்கும் தராசுகளை அரசினர் உரிய காலத்தில் ஆய்ந்து முத்திரையிடுதல் வேண்டும் என்பது சட்டம். முத்திரை பெறாத தராசைக் கொண்டு வாணிகம் செய்தல் குற்றமாகும். கத்தரிக்காயை நிறுக்கும் கருவிக்கே இத்துணைக் காவல் வேண்டுமாயின், மனிதனுக்கு நோய் உண்டு, இல்லை என்று தீர்ப்புக் கூறும் கருவிக்கு எத்துணைக் காவல் வேண்டும்? மூச்சைக் கொண்டு நோயறியும் புதுக் கருவிகளின் வரலாறு இவ்வினாவிற்குத் தக்க விடை தருகின்றது.

உடலைக் கீறாமலே உள்ளிருக்கும் நோயை அறிதல் மருத்துவரின் நெடுநாளைய வேட்கையாகும். நம் நாட்டுச் சித்த மருத்துவர் நாடி, பரிசம், நா, நிறம், மொழி, விழி, மலம், மூத்திரம் என எண்வகைத் தேர்வுகளை வகுத்தனர். மேலைநாட்டுப் பண்டை மருத்துவர் மூச்சின் மணத்தையும் கருதினர். நீரிழிவு மிக முற்றியவரது மூச்சில் கனிந்த பழத்தின் மணம் போன்றதொரு மணம் வீசுவதுண்டு. குருதியில் மிகுந்த அசிட்டோன் என்னும் பொருள் நுரையீரல் வழியாக வெளிப்படுதலே அதற்குக் காரணம். 1971ஆம் ஆண்டில் லைனஸ் பாலிங் என்னும் அமெரிக்க அறிஞர், மனிதன் விடும் மூச்சில் ஏறத்தாழ 250 வகைப் பொருள்கள் நுண்ணிய அளவில் கலந்துள்ளமையைக் கண்டறிந்தார். நோய் வந்துற்றபோது இப்பொருள்களுள் சில மிகும், சில குறையும். அம்மாற்றத்தை அளந்து கூறுவதே மூச்சுணர் கருவியின் தொழில்.

இவ்வகைச் சோதனைகளுள் நன்கு நிலைபெற்றதொன்று இரைப்பைப் புண்ணைப் பற்றியது. ஹெலிகோபாக்டர் பைலோரை என்னும் நுண்ணுயிரை ஆஸ்திரேலிய நாட்டு மார்ஷல், வாரன் என்னும் இருவர் ஆராய்ந்து, புண்ணுக்கு அதுவே பெருங்காரணம் எனக் காட்டினர். அதற்காக 2005ஆம் ஆண்டில் நோபல் பரிசும் பெற்றனர். அந்நுண்ணுயிர் யூரியாவைச் சிதைக்க வல்லது. ஆதலின், கார்பன் 13 என்னும் அடையாள அணு சேர்ந்த யூரியாவை நோயாளி பருகுவார். நுண்ணுயிர் இரைப்பையில் இருப்பின் அது யூரியாவைச் சிதைக்கும். அடையாளமுள்ள கரியமில வாயு சிறிது நேரத்தில் மூச்சில் வெளிப்படும். இச்சோதனைக்கு அமெரிக்க நாட்டின் உணவு மருந்து நிருவாகம் 1996ஆம் ஆண்டில் ஒப்புதல் அளித்தது.

கொரோனாப் பெருந்தொற்றுப் பரவிய காலத்தில் மூச்சுக் கருவிகளின் மேல் உலகின் நாட்டம் பெருகிற்று. 2020ஆம் ஆண்டில் இஸ்ரேல் நாட்டு அறிஞர் குழுவொன்று தில்லிக்கு வந்து, இந்திய அறிஞருடன் கூடி, நால்வகை விரைவுச் சோதனைகளை ஆய்ந்தது. மூச்சுச் சோதனை அவற்றுள் ஒன்று. தமிழும் ஆட்சிமொழியாக விளங்கும் சிங்கப்பூரில், அந்நாட்டுத் தேசியப் பல்கலைக்கழகத்தினின்று தோன்றிய ஒரு நிறுவனத்தின் கருவி 2021 மே மாதத்தில் தற்காலிக ஒப்புதல் பெற்றது. ஆயினும் துவாஸ் எல்லைச் சாவடியில் அதனைப் பயன்படுத்திப் பார்த்தபோது, வேறொரு சோதனையும் உடன் நடத்தப்பட்டது. அமெரிக்காவில் 2022 ஏப்ரல் மாதத்தில் ஒரு கருவிக்கு நெருக்கடிக்கால ஒப்புதல் கிடைத்தது. அதற்குமுன் அது 2,409 பேரிடம் ஆய்ந்து பார்க்கப்பட்டது. நோயுள்ளாருள் 91.2 விழுக்காட்டினரையும், நோயில்லாருள் 99.3 விழுக்காட்டினரையும் அது சரியாகக் காட்டிற்று. அவ்வாறு இருந்தும், நோய் உண்டு எனக் கருவி காட்டின், அதனை வேறொரு சோதனையால் உறுதிசெய்தல் வேண்டும் என்றே அரசினர் விதித்தனர்.

நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் சரியாகக் கூறும் கருவியை இவ்வாறு ஐயுறுவது ஏன்? எளிய கணக்கொன்றால் இதனை அறியலாம். ஆர்.எஸ்.புரத்தில் 1,000 பேரைச் சோதிப்பதாகக் கொள்வோம். அவருள் 20 பேர் நோயுற்றவர். 980 பேர் நலமுடையவர். கருவி நோயுள்ளாருள் நூற்றுக்கு 90 பேரையும், நோயில்லாருள் நூற்றுக்கு 95 பேரையும் சரியாகக் காட்டுவது. ஆயின் 20 நோயாளருள் 18 பேர் அகப்படுவர், இருவர் தப்புவர். நலமுடைய 980 பேருள் 49 பேர் நோயாளர் எனப் பிழையாகக் காட்டப்படுவர். நோயுண்டு எனப்பட்ட 67 பேருள் மெய்யாகவே நோயுற்றவர் 18 பேரே! நோயாளர் 200 பேராக இருப்பின், இதே கருவி 180 பேரைச் சரியாகவும் 40 பேரைப் பிழையாகவும் காட்டும். கருவி மாறவில்லை, அது கூறும் சொல்லின் மதிப்பு மாறிவிட்டது. எனவே, ஒரு கருவி எவ்விடத்தில், எத்தகைய மக்களிடம் பயன்படப் போகின்றதோ, அத்தகைய மக்களிடமே அதனைச் சோதித்தல் இன்றியமையாததாகும்.

மேலும், மூச்சு நோயை மட்டும் சுமந்து வருவதன்று. உண்ட உணவும், புகைத்த சுருட்டும், உட்கொண்ட மருந்தும், இருந்த இடத்தின் காற்றும் அதனுள் கலக்கும். பஞ்சாலையில் உழைப்பவரது மூச்சும், வார்ப்படச் சாலையில் உழைப்பவரது மூச்சும் ஒருதன்மையவாக இருத்தல் வேண்டும் என்பதில்லை. இவ்வேறுபாடுகளை நோயெனக் கருவி மயங்காதிருத்தல் வேண்டும். ஆதலால் சோதிப்போர் பலவகை மக்களையும் சேர்த்துக்கொள்வர். கருவியின் விடையை, நம்பத்தக்க பழைய சோதனையின் விடையோடு ஒப்பிடுவர். கருவியைப் பார்ப்பவர் பழைய சோதனையின் முடிவை அறியாதிருக்குமாறும் செய்வர். அறிந்தால் மனம் ஒருபாற் சாயும் அன்றோ?

நம் நாட்டில் இதற்கு வகை செய்வன 2018 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த மருத்துவக் கருவிகள் விதிகளாகும். அவை 2017ஆம் ஆண்டில் வகுக்கப்பட்டன. தீங்கு நேரக்கூடும் அளவை நோக்கி, கருவிகள் நான்கு வகுப்பாகப் பிரிக்கப்பட்டுள்ளன. முன்மாதிரியில்லாத புதுக் கருவியை மக்களிடம் ஆய்தற்கு மத்திய மருந்துத் தரக்கட்டுப்பாட்டு அமைப்பின் இசைவும், அறநெறிக் குழுவின் இசைவும் வேண்டும். ஆய்வுக்கு உட்படுவோர் அதன் பயனையும் இடரையும் கேட்டறிந்து, தாமே விரும்பி உடன்படுதல் வேண்டும். கருவி விற்பனைக்கு வந்த பின்னரும் காவல் ஓய்வதில்லை. கருவிகளால் நேரும் தீங்குகளைத் திரட்டி ஆராயும் திட்டமொன்று 2015ஆம் ஆண்டு முதல் நடைபெற்று வருகின்றது.

கண்ணுக்கு ஒத்த பொருள் சோதனைக்கு ஒவ்வாது போகலாம் என்பதைக் கோவை நன்கறியும். 1956ஆம் ஆண்டில் அந்நகரில் நிறுவப்பெற்ற தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிச் சங்கம், 2020ஆம் ஆண்டில் மருத்துவரும் செவிலியரும் அணியும் காப்பு உடைகளைச் சோதித்தது. செயற்கைக் குருதியைத் துணியின்மேல் அழுத்திச் செலுத்தி, அது உட்புகுகின்றதா என்று பார்த்தனர். துணியின் வெண்மையும் தையலின் அழகும் அங்குக் கணக்கில் வரவில்லை.

சோதனை காலத்தைக் கடத்தும் என்று சிலர் குறை கூறுவர். நோய் விரைந்து பரவுங்கால் அக்குறையில் உண்மையும் உண்டு. அதனாலேயே நெருக்கடிக்கால ஒப்புதல் என்னும் வழியை நாடுகள் வகுத்தன. ஆனால் விரைவு வேறு, ஆராயாமை வேறு. நோயில்லை எனப் பிழையாகக் கேட்டவர் வீடு திரும்பித் தம் மக்களுக்கும் முதியோர்க்கும் நோயைப் பரப்புவார். நோயுண்டு எனப் பிழையாகக் கேட்டவர் அன்றைய கூலியை இழந்து, அச்சத்தால் உறக்கமும் இழப்பார். இவ்விருவர் துயரையும் விழுக்காட்டுக் கணக்கு வெளிப்படக் காட்டாது.

ஆராயாமல் நம்புதலும், ஆராய்ந்த பின் ஐயுறுதலும் தீராத துன்பம் தரும் என்பது திருவள்ளுவர் கருத்து. கருவிகளுக்கும் அவ்வறம் பொருந்தும். புதுக் கருவியைக் கண்டு வியத்தல் எளிது, வெறுத்தலும் எளிது. அது எத்துணைப் பேரிடம், எவ்விடத்தில், எம்முறையில் சோதிக்கப்பட்டது என்று வினவுதலே கற்றவர்க்கு அழகாகும்.