வாழ்நாளில் 33 சிறுகதைகள்தான்: யார் இந்த முரிலோ ருபியாவ்?

வேலைக்குப் போன பிறகு உங்களுக்குள் இருந்த ஏதோ ஒன்று காணாமல் போய்விட்டதாகத் தோன்றியிருக்கிறதா? அப்படியென்றால், 1947ல் பிரேசிலில் வெளியான 'முன்னாள் மந்திரவாதி' தொகுப்பின் தலைப்புக் கதை உங்களுக்கானது.

கதை என்ன?

பாக்கெட்டில் கைவிட்டாலே பறவைகள் வருகின்றன. வெறுத்துப்போன மந்திரவாதி சாக நினைக்கிறார். எடுத்த துப்பாக்கி பென்சிலாகிவிடுகிறது. கடைசியில் அரசு அலுவலகத்தில் குமாஸ்தாவாகச் சேர்கிறார். சாவு வரவில்லை, மந்திரம்தான் போகிறது. வேலைக்கே ஆபத்து வரும்போது மந்திரத்தைத் தேடினால், அது இல்லவே இல்லை.

எழுதியவர் யார்?

முரிலோ ருபியாவ் (1916-1991). மினாஸ் ஜெராய்ஸ் மாநிலத்துக்காரர். சட்டம் படித்தவர், பத்திரிகையாளர், அரசு ஊழியர். பின்னாளில் அதிபரான குபிச்செக் மாநில ஆளுநராக இருந்தபோது அவரது அலுவலகத் தலைமைப் பொறுப்பில் இருந்தார். 1956 முதல் 1960 வரை ஸ்பெயினில் உள்ள பிரேசில் தூதரகத்தில் வேலை. 1966ல் மாநில அரசிதழுக்கே ஓர் இலக்கிய இணைப்பைத் தொடங்கினார். அரசிதழில் இலக்கியம்! யோசித்துப் பாருங்கள்.

ஏன் 33 மட்டும்?

வேலைப்பளு மட்டும் காரணமில்லை. அச்சான கதையையும் அவர் விடமாட்டார். திருத்துவார், மறுபடி எழுதுவார், அடுத்த தொகுப்பில் சேர்ப்பார். அதனால் புத்தகங்களின் எண்ணிக்கையை வைத்துக் கணக்குப் போட்டால் ஏமாந்துபோவீர்கள்: 1974ல் வந்த 'வாணவேடிக்கைக்காரர் சக்கரியாஸ்' தொகுப்பில் இருப்பவை பழைய கதைகளின் புது வடிவங்கள்தான். ஆனால் பரவலான வாசகர்கள் கிடைத்தது அந்தப் புத்தகத்தில்தான். அப்போது அவருக்கு வயது 58.

என்ன விசேஷம்?

அவர் கதைகளில் நடக்க முடியாதது நடக்கும். யாரும் பெரிதாக ஆச்சரியப்பட மாட்டார்கள். கார் மோதி இறந்த சக்கரியாஸ், தன் உடலை என்ன செய்வது என்ற விவாதத்தில் தானும் கலந்துகொள்கிறார். இன்னொரு கதையில் மாடி மேல் மாடியாக ஒரு கட்டடம் எழும்பிக்கொண்டே போகிறது. நிறுத்தச் சொன்னாலும் தொழிலாளர்கள் நிறுத்துவதில்லை. முடிவே இல்லாத புராஜெக்ட்டில் சிக்கியவர்களுக்கு இது புரியும். மார்க்கேஸின் 'தனிமையின் நூறு ஆண்டுகள்' வந்தது 1967ல். ருபியாவின் முதல் புத்தகம் அதற்கு 20 ஆண்டுகள் முந்தையது.

எங்கே தொடங்கலாம்?

ஆங்கில மொழிபெயர்ப்பு இருக்கிறது. மந்திரவாதி கதையிலிருந்தே தொடங்குங்கள். அலுவலகம் மந்திரத்தைத் தின்றுவிடும் என்று எழுதியவர், அலுவலகத்தில் இருந்துகொண்டேதான் எழுதினார் என்பதையும் நினைவில் வையுங்கள்.