உரிமை இருக்கிறது, போய்க் கேட்கத் துணை வேண்டும்



பெண்கள் சேர்ந்து சங்கம் வைப்பதும், மாதம் ஒருமுறை கூடுவதும், ஆண்டுக்கு ஓரிரு முறை ஒன்றாக வெளியே போய்வருவதும் இப்போது பல ஊர்களில் நடக்கிறது. நம் வீடுகளில் இந்தப் பேச்சு வந்தால் ஒரு கேள்வி தவறாமல் எழுகிறது: "கூட்டம் போடுவதாலும் வேன் பிடித்துப் போய்வருவதாலும் குடும்பத்துக்கு என்ன லாபம்?" நியாயமான கேள்விதான். இதற்கான பதிலைப் புதுக்கோட்டை மாவட்டத்தில் நடந்த இரண்டு முயற்சிகளைக் கொண்டு சொல்ல விரும்புகிறோம்.

அதற்கு முன் ஒன்றை நினைவூட்டுகிறோம். பெண்கள் கூடுவது நமக்குப் புதிதல்ல. ஆண்களே எப்போதும் சூழ்ந்திருப்பதால் தங்களுக்குக் கற்கும் வாய்ப்புக் குறைகிறது என்று மதீனத்துப் பெண்கள் நபி (ஸல்) அவர்களிடம் முறையிட்டார்கள். தங்களுக்கென்று தனியாக ஒரு நாள் கேட்டார்கள். நபியவர்கள் நாள் குறித்துக் கொடுத்து, அந்த நாளில் அவர்களுக்குப் போதித்ததாகப் புகாரியில் பதிவாகியுள்ளது. கவ்லா (ரலி) அவர்கள் கணவர் தமக்குச் செய்த அநீதியை நபியவர்களிடம் நேரில் வந்து வாதாடினார்கள். அந்த வாதத்தைக் குறித்தே குர்ஆனின் 58-வது அத்தியாயம் தொடங்குகிறது. அத்தியாயத்தின் பெயரும் அதிலிருந்து வந்ததுதான். ஒரு பெண் தன் வழக்கைத் தானே போய்ச் சொல்வதற்கு நம் மார்க்கத்தில் இவ்வளவு பெரிய முன்மாதிரி இருக்கிறது.

சைக்கிளில் தொடங்கிய மாற்றம்

1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தறிவு வகுப்புகளை நடத்தியது. அப்போது மாவட்ட ஆட்சியராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். வகுப்புக்கு வரும் பெண்களும் வகுப்பெடுக்கும் பெண்களும் ஊர்விட்டு ஊர் போக வேண்டியிருந்தது. பஸ் வசதி குறைவு. கூட்டிப்போக அத்தாவோ அண்ணனோ கணவரோ வர வேண்டும். அவர்களுக்கு நேரம் கிடைக்காத நாளில் பெண் வீட்டிலேயே இருந்துவிடுவாள். எனவே எழுத்தோடு சைக்கிளும் கற்றுக்கொடுத்தார்கள். சைக்கிள் வாங்க வங்கிக் கடனுக்கும் ஏற்பாடானது.

பத்திரிகையாளர் பி. சாய்நாத் இதை நேரில் பார்த்து விரிவாக எழுதியிருக்கிறார். சுமார் ஒன்றரை ஆண்டில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமத்துப் பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றார்கள். 70,000-க்கும் மேற்பட்டோர் பொது இடங்களில் நடந்த சைக்கிள் போட்டிகளில் கலந்துகொண்டார்கள் என்பது அவர் தரும் கணக்கு. விவசாயக் கூலிகள், கல்குவாரித் தொழிலாளர்கள், அங்கன்வாடிப் பணியாளர்கள், கிராமச் செவிலியர்கள் எல்லோரும் அதில் இருந்தார்கள். கட்டுப்பாடான முஸ்லிம் குடும்பங்களின் இளம் பெண்களும் இருந்தார்கள். தெருவில் கேலி பேசியவர்கள் உண்டு. லேடீஸ் சைக்கிள் போதாமல் ஆண்கள் சைக்கிளையே பலர் வாங்கினார்கள். முன்னால் இருக்கும் கம்பியில் குழந்தையை உட்கார வைக்கலாம் என்பதால் அதுவே வசதி என்று சொன்னவர்களும் உண்டு.

இதனால் கிடைத்த லாபம் என்ன? தண்ணீர்க் குடங்களைச் சைக்கிளில் கொண்டுவந்தார்கள். விளைபொருளைச் சந்தைக்குத் தாங்களே கொண்டுபோனார்கள். பஸ்ஸுக்காகக் காத்திருந்த நேரம் மிச்சமானது. யாராவது கூட்டிப்போகட்டும் என்று தள்ளிப்போட்ட வேலைகள் அன்றன்றைக்கே முடிந்தன.

பெண்கள் ஜமாஅத்

இரண்டாவது முயற்சி நம் சமுதாயத்தோடு நேரடியாகத் தொடர்புடையது. தாவூத் ஷரீபா கானம் 1980-களின் இறுதியில் புதுக்கோட்டையில் 'ஸ்டெப்ஸ்' என்ற பெண்கள் அமைப்பைத் தொடங்கினார். அங்கே உதவி தேடி வந்த முஸ்லிம் பெண்கள் பலரின் குறை ஒரே மாதிரி இருந்தது. கணவன் மனைவி தகராறு ஊர் ஜமாஅத்துக்குப் போகிறது. ஆனால் அந்தச் சபையில் அந்தப் பெண் இருப்பதில்லை. அவள் பக்கத்தை அவள் வாயால் கேட்காமலே முடிவு எழுதப்படுகிறது. இதற்கு வழி தேடித்தான் 2004-ல் தமிழ்நாடு முஸ்லிம் பெண்கள் ஜமாஅத் உருவானது.

இந்த ஜமாஅத்தைப் பற்றி தீபா தன்ராஜ் எடுத்த ஆவணப்படம் 2011-ல் வெளிவந்தது. அதற்குள் 12 மாவட்டங்களில் 12,000 உறுப்பினர்கள் சேர்ந்திருந்தார்கள். 8,000-க்கும் மேற்பட்ட வழக்குகளைத் தீர்த்துவைத்திருந்தார்கள் என்று அந்தப் படம் பதிவு செய்கிறது. தலாக், அடி உதை, சந்தேகத்துக்குரிய மரணம் என்று வழக்குகள் பலவகை.

இவர்கள் வேலை செய்யும் முறையைக் கவனியுங்கள். பல ஊர்ப் பெண்கள் பஸ் ஏறி வந்து ஓரிடத்தில் கூடுகிறார்கள். பாதிக்கப்பட்டவள் தன் வாயால் சொல்வதைக் கேட்டு எழுதிக்கொள்கிறார்கள். எதிர்த்தரப்பைக் கூப்பிட்டுக் கேட்கிறார்கள். தேவைப்பட்டால் சிலர் சேர்ந்து அந்த ஊருக்கே போய் விசாரிக்கிறார்கள். காவல் நிலையத்துக்குக் கூடவே போகிறார்கள். பெண்கள் ஜமாஅத் கோர்ட் அல்ல. அதற்குச் சட்டப்படி தண்டிக்கும் அதிகாரம் கிடையாது. ஆனால் தனியாகப் போனால் "நாளைக்கு வாம்மா" என்று திருப்பி அனுப்பப்படும் பெண்ணுக்கு, பத்துப் பேர் கையில் காகிதத்தோடு உடன் போனால் நாற்காலி போட்டு உட்கார வைத்துப் பதில் சொல்கிறார்கள்.

ஷரீபா அவர்களின் எல்லாக் கருத்துகளையும் நம்மில் எல்லோரும் ஏற்பதில்லை. பெண்களுக்கெனத் தனிப் பள்ளிவாசல் என்ற அவரது திட்டம் கடும் விவாதத்தை எழுப்பியது. அந்த விவாதத்துக்குள் நாம் இங்கே போகவில்லை. பெண்ணைக் கேட்காமல் பெண்ணின் வழக்கை முடிக்கலாமா என்ற அவரது அடிப்படைக் கேள்வி மட்டும் ஒவ்வொரு ஊர் நிர்வாகமும் மனசாட்சியோடு யோசிக்க வேண்டியது.

நம் பெண்களுக்கு எங்கெங்கே என்ன இருக்கிறது?

மஹர் மனைவிக்கே சொந்தம். தாய் தந்தை விட்டுச்சென்றதில் மகளுக்குப் பங்கு உண்டு. இவை அல்லாஹ் விதித்தவை. யாரும் தயவாகத் தருபவை அல்ல. 1937-ம் ஆண்டின் ஷரீஅத் சட்டம் விவசாய நிலத்தை விட்டுவிட்டிருந்தது. 1949-ல் சென்னை மாகாணம் செய்த திருத்தத்தால், இங்கே விவசாய நிலத்திலும் மகளின் பங்கு உறுதியானது.

நெய்வேலிப் பகுதிக்கு இது மிக முக்கியம். சுரங்கத்துக்காக நிலம் பணமாக மாறும் ஊர் இது. அத்தா பெயரில் இருந்த நிலத்துக்கு இழப்பீடு வரும்போது, வாரிசுச் சான்றிதழில் மகள் பெயர் இருக்கிறதா என்று பார்க்க யாராவது தாசில்தார் அலுவலகம் போக வேண்டும். அண்ணன் தம்பிகள் நல்லவர்களாக இருந்தால் கவலையில்லை. இல்லாவிட்டால் அந்தத் தங்கை எப்படிப் போவாள், யாரிடம் எந்தக் காகிதத்தைக் கேட்பாள்? ஒப்பந்தத் தொழிலாளி இறந்தால் வரவேண்டிய பி.எஃப். பணத்துக்கும் இதே நிலைதான். நியமனதாரராக யார் பெயர் இருக்கிறது என்பது பல மனைவிமாருக்குக் கணவர் இறந்த பிறகே தெரியவருகிறது.

தலாக் ஆன பெண்ணின் எதிர்காலத்துக்குத் தகுந்த, நியாயமான ஏற்பாட்டைக் கணவர் இத்தா காலத்துக்குள்ளேயே செய்ய வேண்டும் என்று 2001-ல் டேனியல் லத்தீஃபி வழக்கில் உச்ச நீதிமன்றம் விளக்கியது. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-வது பிரிவின்படி ஜீவனாம்சம் கோருவதற்கும் அவளுக்கு உரிமை உண்டு என்று 2024 ஜூலையில் மீண்டும் தீர்ப்பளித்தது.

வழக்கு நடத்தப் பணம் இல்லையே என்று தயங்க வேண்டாம். 1987-ம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் கீழ், வருமானம் எவ்வளவாக இருந்தாலும் பெண்களுக்கு இலவசச் சட்ட உதவி உண்டு. நம் மாவட்டத்தில் இதற்கான ஆணைக்குழு கடலூரில் இருக்கிறது. 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். வீட்டில் அடி, கொடுமை என்றால் 181 பெண்கள் உதவி எண். 2005-ம் ஆண்டுக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டப்படி மாவட்டப் பாதுகாப்பு அலுவலரிடம் மனுக் கொடுக்கலாம்.

மாவட்ட ஆட்சியரைத் தலைவராகக் கொண்ட முஸ்லிம் மகளிர் உதவும் சங்கங்களும் தமிழ்நாட்டில் இயங்குகின்றன. அவை திரட்டும் நன்கொடைக்கு இணையாக அரசு மானியம் தருகிறது. கணவரை இழந்தவர்கள், கைவிடப்பட்டவர்கள், முதியவர்கள் போன்ற ஆதரவற்ற பெண்கள் அங்கே உதவி கேட்கலாம்.

மேலே சொன்னவற்றைத் திரும்பப் பாருங்கள். ஒவ்வொன்றும் ஏதோ ஓர் அலுவலகத்தின் ஏதோ ஒரு மேசையில் இருக்கிறது. நடந்துபோய்க் கேட்பவருக்கே கிடைக்கிறது. பெண்கள் சங்கத்தின் கூட்டமும் பயணமும் இந்த இடத்தில்தான் பயன்படுகின்றன.

சேர்ந்து போய்வருவதால் என்ன பழக்கம் வருகிறது?

டவுன்ஷிப்பின் வாழ்க்கை தனி மாதிரி. வேலைக்காகப் பல ஊர்களிலிருந்து வந்து குடியேறிய குடும்பங்கள் நாம். குவார்ட்டர்ஸில் அடுத்த கதவு தெரியும். அடுத்த வட்டத்தில் இருக்கும் சகோதரியைத் தெரியாது. சொந்தபந்தம் ராமநாதபுரத்திலோ தஞ்சாவூரிலோ இருக்கும். கணவர் இரவு ஷிப்டு, அல்லது வளைகுடாவில் வேலை. அவசரம் என்று வரும்போது கூட வர யாரும் இருப்பதில்லை. மாதக் கூட்டம் இந்த அறிமுகத்தைத் தருகிறது. யாருக்கு பி.எஃப். விண்ணப்பம் எழுதத் தெரியும், யாருடைய மகள் சட்டம் படிக்கிறாள், யாருக்குத் தைரியமாகப் பேச வரும் என்பதெல்லாம் நாலு முறை சேர்ந்து உட்கார்ந்தால்தான் தெரியும்.

சுற்றுலாவும் வீண் செலவு அல்ல. சேர்ந்து பிச்சாவரத்துக்கோ கடலூர் சில்வர் பீச்சுக்கோ போய்வந்த பெண்ணுக்கு எந்த பஸ், எங்கே இறங்குவது, எத்தனை மணிக்குத் திரும்புவது என்பது பழகிவிடும். அடுத்த மாதம் அதே கடலூருக்கு ஆட்சியர் அலுவலகம் போக நேர்ந்தால் கால் நடுங்காது. ஆண்டுதோறும் நம் ஊரிலேயே நடக்கும் நெய்வேலி புத்தகக் கண்காட்சிக்குப் பத்துப் பெண்கள் பிள்ளைகளோடு போவதும் நல்ல தொடக்கம்தான். சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் 2021 மே முதல் பெண்களுக்குக் கட்டணமில்லை. வெளியூர்ப் பேருந்துகளுக்கு டிக்கெட் உண்டு.

மஹ்ரம் துணை பற்றிக் கேட்பவர்கள் உண்டு. அந்தக் கேள்வியை மதிக்கிறோம். உங்கள் பள்ளிவாசல் ஆலிமிடம் கேட்டுத் தெளிவு பெறுங்கள். பகலில் போய் அஸருக்குள் திரும்பக்கூடிய இடமாகத் தேர்ந்தெடுப்பது, வயதில் மூத்த இரண்டு பேரைச் சேர்த்துக்கொள்வது, விரும்பும் குடும்பங்களின் ஆண்களையும் உடன் அழைப்பது என்று தயக்கத்தைப் போக்கப் பல வழிகள் இருக்கின்றன.

தொடங்க நினைப்பவர்களுக்கு

பெரிய ஏற்பாடு எதுவும் வேண்டாம். ஏழெட்டுப் பெண்கள் போதும். மாதத்தில் ஒரு நாளை நிலையாகக் குறியுங்கள்; லுஹருக்கும் அஸருக்கும் இடைப்பட்ட நேரம் பலருக்கும் ஒத்துவரும். வருகையையும் பேசியதையும் ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். ஒருவர் வீட்டு விஷயம் கூட்டத்துக்கு வெளியே போகக் கூடாது என்பதை முதல் நாளே உறுதி செய்யுங்கள். இது உடைந்தால் சங்கமும் உடையும். நிக்காஹ் பதிவேட்டின் நகல், ஆதார், ரேஷன் கார்டு, வங்கிப் புத்தகம், பி.எஃப். விவரம் ஆகியவற்றை ஒவ்வொருவரும் ஒரு ஃபைலில் சேர்ப்பது முதல் கூட்டத்தின் வேலையாக இருக்கட்டும். இரண்டாவது மாதம், மனு நிலுவையில் உள்ள ஒரு சகோதரியோடு இரண்டு பேர் அந்த அலுவலகத்துக்குப் போய்வாருங்கள்.

ஜமாஅத் பொறுப்பாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். குடும்ப வழக்கு வரும் நாளில் அந்தப் பெண்ணையும், அவள் விரும்பும் இரண்டு பெண்களையும் அழைத்து அவள் வாயால் கேளுங்கள். தனி அறையோ திரைக்கு இந்தப் பக்கம் ஓர் இடமோ போதும். அப்படிக் கேட்டு எழுதும் முடிவு நிலைக்கும். கோர்ட்டு வரை போகும் அலைச்சலும் குறையும்.

வீட்டு ஆண்களே, உங்கள் மனைவியோ மகளோ அடுத்த முறை கூட்டத்துக்குப் போகிறேன் என்று சொன்னால், அந்த இரண்டு மணி நேரம் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளுங்கள். நாளை நீங்கள் இல்லாத ஒரு நாளில் அவர் எந்த வாசலில் நின்று என்ன கேட்க வேண்டும் என்பதை அங்கேதான் கற்றுக்கொள்ளப் போகிறார், இன்ஷா அல்லாஹ்.