பொம்மைப் பட்டியலில் சிக்கிய விண்கலங்கள்

புதுதில்லி: நிதி மசோதாவின் பின்னிணைப்பாக வரும் சுங்க வரி அட்டவணையை நாடாளுமன்ற உறுப்பினர்கள் வரி வரியாக விவாதிப்பது அரிது. தங்கத்துக்கும் சமையல் எண்ணெய்க்கும் கிடைக்கும் கவனம் 95-ஆவது அத்தியாயத்துக்குக் கிடைப்பதில்லை. அது விளையாட்டுப் பொருள்களுக்கான அத்தியாயம். அதில் 9503 என்ற தலைப்பின் கீழ் மூன்று சக்கர மிதிவண்டி, பொம்மை, புதிர்கள் ஆகியவற்றோடு "அளவு குறைக்கப்பட்ட மாதிரிகள்" என்பதும் ஒரே வாக்கியத்தில் இடம்பெற்றிருக்கிறது.

அந்த வாக்கியத்தை எழுதியது இந்திய அரசு அல்ல. உலக சுங்க அமைப்பின் பொதுப் பட்டியலில் இருந்து வந்தது அது. ஆனால் அந்தத் தலைப்புக்கு எவ்வளவு வரி என்பதைத் தீர்மானிப்பது தில்லிதான். 2020 பிப்ரவரி நிதிநிலை அறிக்கையில் நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் பொம்மைகளுக்கான இறக்குமதி வரியை 20 சதவீதத்தில் இருந்து 60 சதவீதமாக உயர்த்தினார். 2023-இல் அது 70 சதவீதமானது. குழந்தையின் கிலுகிலுப்பைக்கு விதிக்கப்பட்ட வரி, நாற்பது வயதுப் பொறியாளர் மாதக்கணக்கில் இழைத்து இழைத்துச் செய்யும் விண்கல மாதிரிக்கும் பொருந்திவிட்டது.

இறக்குமதி மதிப்பு ரூ.3,000 உள்ள ஒரு மாடல் கிட்டுக்கு 2020-க்கு முன்பு சுங்க வரி ரூ.600. புதிய விகிதப்படி ரூ.2,100. இவற்றின் மீது ஜி.எஸ்.டி. தனி. வெளிநாட்டில் உள்ள உறவினர் அன்பளிப்பாக அனுப்பும் வழியும், மின்வணிக நிறுவனங்கள் அதைத் தவறாகப் பயன்படுத்துவதாகக் கூறப்பட்டு, 2019 டிசம்பரில் பெரும்பாலும் அடைக்கப்பட்டுவிட்டது.

இந்தக் கலையில் ஈடுபடுவோர் வாங்குவது ஒரு பொம்மையை அல்ல. பெட்டி நிறைய உதிரிகளை. பாலிஸ்டைரீன் சட்டங்களில் நூற்றுக்கணக்கான பாகங்கள் காய்க்கொத்துப் போல ஒட்டிக்கொண்டிருக்கும். அவற்றை நிப்பரால் நறுக்கி, நறுக்கிய தழும்பை உப்புத்தாளால் தேய்த்து, பசையால் இணைத்து, இணைப்புக் கோடு தெரியாமல் மீண்டும் தேய்க்க வேண்டும். இதற்கான பசை சாதாரணப் பசை அன்று. பிளாஸ்டிக்கைச் சற்றே உருக்கி இரு பாகங்களையும் ஒன்றாக்கிவிடும் கரைப்பான் அது. ஒரு துளி கூடினால் விரல் ரேகை விமானத்தின் முதுகில் நிரந்தரமாகப் பதிந்துவிடும்.

இதன் தலைநகரம் ஜப்பானின் ஷிசுவோகா. டாமியா, ஹசெகாவா ஆகிய நிறுவனங்களின் தாயகமும், பண்டாய் நிறுவனத்தின் மாதிரித் தொழிற்சாலையும் அந்த மாநிலத்தில்தான் உள்ளன. போர் விமானங்களை 72-இல் ஒரு பங்காகச் சுருக்கித் தந்த ஹசெகாவா, 1982-இல் ஒளிபரப்பான 'மேக்ராஸ்' என்னும் ஜப்பானியத் தொடரின் வி.எஃப்.-1 விமானத்தையும் அதே அளவில் வெளியிட்டது. அமெரிக்காவின் எஃப்-14 விமானத்தைப் பார்த்து வரையப்பட்ட கற்பனை விமானம் அது. கதையில் அதன் நீளம் 14.23 மீட்டர். மேசை மீது அது 20 சென்டிமீட்டரைக்கூடத் தொடாது. 'ஸ்டார் வார்ஸ்' படத்தின் எக்ஸ்-விங் கலத்தை பண்டாய் நிறுவனம் இதே 72-இல் ஒரு பங்கு அளவில் தருகிறது. இன்னும் சிறியதை விரும்புவோருக்கு 144-இல் ஒரு பங்கு அளவு இருக்கிறது.

அழுக்கு என்னும் அழகு: ஒட்டி முடித்து வண்ணம் பூசினால் வேலை பாதிதான் முடிந்தது. மீதிப் பாதி, அந்தப் புதுமையைக் கெடுப்பது. வெயில், புழுதி, எண்ணெய்க் கசிவு, விமானியின் காலணி ஆகிய எல்லாவற்றின் சுவடும் அதன் மேல் வர வேண்டும். 'வெதரிங்' என்று இதற்குப் பெயர்.

திரைப்படம்தான் இதற்கு ஆசான். 1960-களில் பிரிட்டிஷ் பொம்மலாட்டத் தொலைக்காட்சித் தொடரான 'தண்டர்பேர்ட்ஸ்'-இல் சிறப்புக் காட்சிகளை அமைத்த டெரெக் மெடிங்ஸ், தன் மாதிரி வாகனங்களை வேண்டுமென்றே அழுக்காக்கிப் படம்பிடித்தார். பளபளக்கும் மாதிரி பொம்மையாகத் தெரியும். கறைபட்டது இயந்திரமாகத் தெரியும் என்பது அவர் கண்ட உண்மை. 1977-இல் வெளிவந்த முதல் 'ஸ்டார் வார்ஸ்' படத்துக்காக ஜார்ஜ் லூகாஸ் உருவாக்கிய இண்டஸ்ட்ரியல் லைட் அண்ட் மேஜிக் நிறுவனத்தின் கலைஞர்கள் இதை இன்னும் தொலைவுக்குக் கொண்டு சென்றனர். கடையில் விற்ற பீரங்கி வண்டி, விமான மாடல் கிட்டுகளைப் பெட்டி பெட்டியாக வாங்கி, அவற்றின் சக்கரம், குழாய், மூடி ஆகியவற்றைப் பிய்த்து விண்கலங்களின் மேல் ஒட்டினர். எந்தப் பாகம் எதற்கு என்று கேட்டால் விடை கிடையாது. ஆனால் பார்ப்பவர் கண்ணுக்கு அது பழுது பார்க்கப்பட்டுப் பழுது பார்க்கப்பட்டுப் பறக்கும் கலமாகத் தெரிந்தது. இன்று 9503 தலைப்பின் கீழ் வரும் அதே பொருள்தான் அன்று அந்தக் கலைஞர்களின் மூலப்பொருள் என்பதை வரி விதிப்போர் கவனிக்கலாம்.

நிஜ விமானத்தின் மாதிரியைச் செய்பவருக்குப் புகைப்படம் துணை நிற்கும். 2025 செப்டம்பர் 26-இல் சண்டீகரில் இந்திய விமானப்படையில் இருந்து விடைபெற்ற மிக்-21 விமானத்தின் வயிற்றில் எங்கே எண்ணெய் வழியும், எங்கே வண்ணம் வெளுக்கும் என்பதைப் படம் பார்த்தே அறியலாம். எக்ஸ்-விங் எங்கும் பறந்ததில்லை. ஆகவே செய்பவர் யோசித்தாக வேண்டும். விமானி எந்தப் பக்கம் ஏறுவார்? அங்கே வண்ணம் தேய்ந்திருக்கும். எரிபொருள் மூடி எது? அதன் கீழே கசிவுக் கோடு வேண்டும். விண்வெளியில் மழை இல்லை. காற்று இல்லாத இடத்தில் துரு ஏது? அப்படியானால் செந்துரு நிறத்தைக் கண்டபடி பூசுவது பொருந்தாது. பாலைவனக் கோளில் இறங்கிய கலமென்றால் அடிப்பாகத்தில் மணல் நிறம் வர வேண்டும். இது கற்பனைதான், ஆனால் காரண காரியத்துக்குக் கட்டுப்பட்ட கற்பனை.

அளவு சிறிதாகச் சிறிதாகக் கை அடங்க வேண்டும். 72-இல் ஒரு பங்கு மாதிரியில் அரை மில்லிமீட்டர் கீறல், உண்மைக் கலத்தில் 3.6 சென்டிமீட்டர் காயத்துக்குச் சமம். 144-இல் ஒரு பங்கு என்றால் 7.2 சென்டிமீட்டர். தூரிகையால் தீட்டிய கீறல் அங்கே பள்ளமாகத் தெரியும். எனவே அனுபவசாலிகள் தூரிகையைக் கைவிட்டு, கிழித்த ஸ்பாஞ்சுத் துண்டில் வண்ணத்தைத் தொட்டு, அதையும் காகிதத்தில் ஒற்றியெடுத்த பிறகே இறக்கையின் விளிம்பில் லேசாகத் தட்டுகின்றனர்.

வரிசை முக்கியம். முதலில் அக்ரிலிக் வண்ணம், அதன் மேல் பளபளப்பான வார்னிஷ். நீரில் ஊறவைத்து நகர்த்தி ஒட்டும் சின்னங்கள் அந்த வழுவழுப்பின் மேல்தான் சுருக்கமின்றிப் படியும். அடுத்து, மிகவும் நீர்க்கச் செய்த கறுப்பு அல்லது பழுப்பு எனாமலைத் தகடுகளின் இணைப்புக் கோட்டில் தூரிகை நுனியால் தொட்டால் போதும். அது தானாகவே கோட்டின் வழியே ஓடும். வழிந்ததைத் தின்னர் நனைத்த பஞ்சால் துடைக்கலாம். அடியில் உள்ள அக்ரிலிக் கலையாது. ஆனால் பசையின்றி அழுத்திப் பூட்டும் வகைத் தொகுப்புகளில் இந்தத் தின்னர் எமனாகும். இறுக்கமாகப் பூட்டிய இடத்தில் அது ஊறினால் பிளாஸ்டிக் விரிசல் விட்டு உடையும். இரண்டு மாத உழைப்பு இரண்டு நிமிடத்தில் போகும்.

வண்ணம் உரிந்த தோற்றத்துக்குத் தலைமுடிக்கு அடிக்கும் ஸ்பிரே கைகொடுக்கிறது. வெள்ளி நிறத்தின் மேல் அதை அடித்து, அதற்கு மேல் அக்ரிலிக் பூசி, பிறகு ஈரத் தூரிகையால் தேய்த்தால் நடுப்படலம் நீரில் கரைய, மேல் வண்ணம் ஒழுங்கின்றி உரியும். புகைக்கரிக்கு ஓவியர்களின் பாஸ்டல் கட்டியைச் சுரண்டிய பொடி. உலோகம் தேய்ந்த விளிம்புக்கு சாதாரணப் பென்சில். இறுதியாக மங்கலான வார்னிஷ்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அழுக்காக்கத் தேவையான பொருள்களில் பலவும் உள்ளூர் எழுதுபொருள் கடையிலேயே கிடைக்கின்றன. காம்லின் எண்ணெய் வண்ணம், பென்சில், பாஸ்டல் ஆகியவற்றுக்கு யாரும் ஷிசுவோகாவை எதிர்பார்க்க வேண்டியதில்லை. அழுக்காக்கப்பட வேண்டிய கலம்தான் கைக்கு எட்டுவதில்லை. எனாமல், தின்னர், பசை ஆகியவை எளிதில் தீப்பற்றும் பொருள்கள் என்பதால் விமானத்தில் அனுப்பவும் கட்டுப்பாடு உண்டு.

இரு சட்டம், இரு விடை: அரசின் பக்கமும் நியாயம் இல்லாமலில்லை. சந்தையில் குவிந்த இறக்குமதிப் பொம்மைகளை இந்தியத் தர கவுன்சில் 2019-இல் சோதித்தபோது 66.9 சதவீதம் பாதுகாப்புத் தேர்வில் தோற்றன. 2020 ஆகஸ்ட் 30 அன்று வானொலி உரையில் பிரதமர் மோடி உள்நாட்டுப் பொம்மைத் தொழிலை வளர்க்க அழைப்பு விடுத்தார். 2021 ஜனவரி 1 முதல் பொம்மைகளுக்கு பி.ஐ.எஸ். முத்திரை கட்டாயமாயிற்று. அயல்நாட்டுத் தொழிற்சாலையானாலும் உரிமம் பெற்றே ஆக வேண்டும். தஞ்சாவூர் பொம்மை போன்ற புவிசார் குறியீடு பெற்ற பொருள்களைச் செய்யும் கைவினைஞர்களுக்கு விலக்கு அளிக்கப்பட்டது. 9503 தலைப்பின் கீழான இறக்குமதி 2018-19-இல் 30.4 கோடி டாலராக இருந்து 2021-22-இல் 3.6 கோடி டாலராகக் குறைந்ததாக அரசு பெருமையுடன் அறிவித்தது. அந்தச் சரிவில் விண்கலமும் கிலுகிலுப்பையும் பிரித்துக் காட்டப்படவில்லை.

முரண்பாடு இங்கேதான். தரக் கட்டுப்பாட்டு ஆணை, 14 வயதுக்குட்பட்ட குழந்தைகள் விளையாடுவதற்கானதையே பொம்மை என்கிறது. அந்த ஆணை சுட்டும் ஐ.எஸ். 9873 தரம், ஐ.எஸ்.ஓ. 8124 என்னும் சர்வதேசத் தரத்தை அடியொற்றியது. செய்து முடித்தபின் விளையாட்டுப் பயன் முதன்மையாக இல்லாத மாடல் கிட்டுகளை அந்தச் சர்வதேசத் தரம் தன் வரம்புக்கு வெளியே வைத்திருக்கிறது. ஆக, பாதுகாப்புக் கண்ணில் இது பொம்மை அல்ல; வரிக் கண்ணில் பொம்மை.

விலக்கு அளித்தால் சாதாரணப் பொம்மைகளையும் மாடல் கிட் என்று சொல்லி இறக்கிவிடுவார்கள் என்ற வாதம் எழக்கூடும். அதைப் புறந்தள்ள முடியாது. பெட்டியில் அச்சிட்ட வயதும் எப்போதும் உதவாது. பண்டாயின் ரோபோ தொகுப்புகளிலேயே எளியவற்றில் 8 வயது என்றும் சிக்கலானவற்றில் 15 வயது என்றும் இருக்கிறது. எனினும், சட்டத்தில் கோக்கப்பட்டு, வண்ணமின்றி, பிரிந்த பாகங்களாக வரும் பொருளை முழுப் பொம்மையில் இருந்து பிரித்தறிய சுங்க அதிகாரிக்கு நுண்ணோக்கி தேவைப்படாது.

பாதுகாக்கப்படும் உள்நாட்டுத் தொழில் எது என்ற கேள்விக்கும் விடை வேண்டும். பொம்மைக்கு இந்தியாவில் சன்னபட்டணா இருக்கிறது, கொண்டபள்ளி இருக்கிறது. எக்ஸ்-விங் கலத்தை வார்க்க எஃகு அச்சு மட்டும் போதாது. 2012 முதல் டிஸ்னியின் வசம் உள்ள லூகாஸ் ஃபிலிம் நிறுவனத்தின் உரிமமும் வேண்டும். 70 சதவீத வரி அந்த உரிமத்தைப் பெற்றுத் தராது.

இதற்காக அடுத்த நிதிநிலை அறிக்கை வரை காத்திருக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. 1962-ஆம் ஆண்டின் சுங்கச் சட்டத்தின் 25-ஆவது பிரிவு, பொதுநலன் கருதி எந்தப் பொருளுக்கும் அறிவிக்கை மூலம் வரிவிலக்கோ வரிக்குறைப்போ அளிக்க மத்திய அரசுக்கு அதிகாரம் தந்திருக்கிறது. அந்த அறிவிக்கை பின்னர் இரு அவைகளிலும் வைக்கப்பட்டால் போதும்.